லாபம், ரெண்டு, மூணு

கொள்முதல் நிலையத்தில் அந்த ராத்திரி யாரும் இல்லை.
அப்பா தார்ப்பாய் எடுக்கப் போயிருந்தார்.
செருப்பைக் கழற்றினேன், வாட்சைக் கழற்றினேன்,
தலையில் இருந்த கிளிப்பையும் கழற்றி வைத்துவிட்டு
எடை மேடையில் ஏறினேன்.
சுவரோரம் நாற்பது கிலோ மூட்டைகள்.
அதில் ஒன்றைவிட நான் லேசு.
சிவப்பு எண்கள் ஆடி அடங்கியதும்
மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

அங்கே ஒரு கருவி உண்டு. ஒரு பிடி நெல்லைப் போட்டால்
ஈரம் எவ்வளவு என்று சொல்லும்.
கூடினால் திருப்பி அனுப்புவார்கள்.
காய்ந்ததைத்தான் அரசாங்கம் வாங்கும்.
நானும் காய்ந்தேன்.

இன்னாசி சார் கெட்டவர் இல்லை.
ஒரே ஒரு தடவை, என் கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தபடி,
"வெயிட் கொறஞ்சா டைமிங் கொறையும்மா" என்றார்.
மீதிக் கணக்கை நானே போட்டுக்கொண்டேன்.

விடியுமுன் கோரையாற்றுக் கரையோடு ஓடுவேன்.
நீடாமங்கலம் பின்னால் போகும்.
இரு பக்கமும் சம்பா தலை சாய்ந்து நிற்கும்.
இந்த ஊரில் வாய்க்கால் ஓடுவதே சோற்றுக்குத்தான்.
சோற்றை விட்டு ஓடியவள்
எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

நஸ்ரின் நோன்பு வைத்தாள்.
அவளுக்குத் துணையாக என்று சொல்லி நானும் வைத்தேன்.
கூத்தாநல்லூரில் அவள் வீட்டில், பாங்கு சொன்னதும்
பேரீச்சம்பழத்தைப் பிட்டு நீட்டினாள்,
கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
வயிறு சரியில்லை என்றேன்.
கிண்ணத்தில் ஆடை படிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"ஒன் நோன்புக்கு மட்டும் மஃரிபே கெடையாதாடி, இலக்கியா?"

எங்கள் வீட்டில் மாதவிலக்கைத் தூரம் என்பார்கள்.
ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவளுக்குத்
தூரம் நின்று எட்டு மாதம்.
தொல்லை விட்டது என்றிருந்தேன்.

தஞ்சாவூரில், ஒன்பதாவது சுற்றில், வளைவில்,
முழங்காலுக்குக் கீழே ஒரு சத்தம்.
பெரிதாக ஒன்றுமில்லை,
பரீட்சை ஹாலில் பென்சில் முனை ஒடிகிற மாதிரி.
இன்னும் அரைச் சுற்று ஓடினேன் என்று நஸ்ரின் சொல்கிறாள்.
எனக்கு ஞாபகம் இல்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டுக்
காலைப் பற்றிக் கேட்கவில்லை.
"தூரம் கடைசியா எப்பம்மா?"
"நேத்து, மேடம். ஒன்பது ரவுண்டு."
அவர் சிரிக்கவில்லை.
எனக்கு அது ஜோக் என்று புரியவே
ரெண்டு நாள் ஆனது.

மூட்டை எண்ணும்போது அப்பா ஒன்று என்று சொல்ல மாட்டார்.
லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும்.
வார்டில், ஆறிப்போன இட்லியின் முன்னால்,
அதைத் திருடிக்கொண்டேன்.
முதல் விள்ளல் லாபம்.
ரெண்டுக்கு முன்பே அழுகை வந்தது.
அன்றைக்குக் கணக்கு அங்கேயே நின்றது.

பிறகு நேராக ஏறிவந்தேன் என்று நினைக்காதீர்கள்.
நர்ஸிடம் பொய் சொன்னேன்.
பால் ஜன்னலுக்கு வெளியே போனது.
கட்டு பிரித்த அன்று, மெலிந்த காலைப் பார்த்து
வெட்கப்படாமல் சந்தோஷப்பட்டேன்.

ஆற்றில் தண்ணீர் வந்த அன்றே தூரமும் வந்தது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
இல்லை. ஆறு வறண்டு கிடந்தது.
மன்னார்குடி பஸ்ஸில், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது,
வெளிர் மஞ்சள் சுடிதாரில் வந்தது.
பக்கத்து சீட்டு அக்கா துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்தார்.
எதற்கு அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இப்போது ஓடுகிறேன். மண்டலப் போட்டியில் ஆறாவது.
பழைய ஷார்ட்ஸ் தொடையில் ஏறுவதில்லை.
அதைத் தூக்கிப் போட இன்னும் மனம் வரவில்லை.
நேற்று ஓடி முடித்து, டீக்கடை பெஞ்சில்,
லாபம், ரெண்டு, மூணு,
நஸ்ரின் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்ததில்
நாலா ஐந்தா, விட்டுப்போச்சு.

சில ராத்திரி கால் இன்னும் கொள்முதல் நிலையம் பக்கம் போகிறது.
எடை மேடையைத் தார்ப்பாயால் மூடி,
கயிறு சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறார் அப்பா.
மழைக்கு, என்கிறார்.
மாசி மாதம்.
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.